புனித ஜோசப் வாஸ் அடிகளாரும் அவருக்குப் பின் வந்த குருக்களும்



இந்தப் பொன்விழா மலரின் முற்பகுதியில் நம் பங்கில் பணியாற்றிய குருக்களின் பட்டியலைக் காண்பீர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இரண்டு ஆண்டுகள் அச்சிடப்பட்டுள்ளன. ஒன்று வந்த ஆண்டு, மற்றொன்று மாற்றலாகிப் போன ஆண்டு. வந்த அன்று இரவு அந்தக் குரு எங்கே படுத்தார், முதல் வேளை உணவை யார் வீட்டிலிருந்து கொண்டுவந்தார்கள், எந்தத் தெருவில் யார் நோயாளி என்று அவருக்குக் காட்டிக்கொடுத்தவர் யார் என்பதெல்லாம் பட்டியலில் இல்லை. அவை முதியோர் நினைவில் மட்டுமே இருக்கின்றன. மலர்க் குழுவினர் ஒரு புனிதரின் வாழ்க்கையை எழுதித் தரும்படி கேட்டபோது, இந்த எண்ணத்தோடுதான் புனித ஜோசப் வாஸ் அடிகளாரைத் தேர்ந்தேன். வரவேற்க யாருமில்லாத நாட்டில் தனியாகச் சென்று இறங்கியவர் அவர். தமக்குப் பின் வந்த குருக்கள் எவரும் அப்படி இறங்க வேண்டிய தேவையில்லாமல் செய்தவரும் அவரே.

அடிகளார் 1651ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் கோவா நாட்டில் பெனாலிம் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை கிறிஸ்டோபர் வாஸ், தாய் மரியா த மிராண்டா. தந்தையின் ஊராகிய சங்கோலாவில் தொடக்கக் கல்வி பயின்றார். பின்னர் கோவா நகரில் இயேசு சபையாரின் புனித பவுல் கல்லூரியிலும், சாமிநாதர் சபையாரின் புனித அக்குவினாஸ் தோமையார் கல்லூரியிலும் படித்தார். 1676இல் குருப்பட்டம் பெற்றார். பட்டம் பெற்ற சில நாட்களிலேயே காலணிகளைக் கழற்றிவிட்டார் என்றும், அதன்பின் வெறுங்காலோடே நடந்தார் என்றும் வரலாற்றாசிரியர்கள் கூறுகின்றனர். மறு ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள், தம்மைத் தேவமாதாவின் அடிமையாக ஒப்புக்கொடுத்து எழுத்தில் வடித்துக் கையொப்பமிட்டார்.

இலங்கைக்குச் செல்ல வேண்டும் என்ற ஆவல் அவருக்கு அக்காலத்திலேயே எழுந்துவிட்டது. காரணத்தைச் சிறிது விளக்க வேண்டும். ஒல்லாந்தர் என்று நாம் அழைக்கும் டச்சுக்காரர்கள் 1656இல் கொழும்பையும், 1658இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றினர். போர்த்துக்கீசியக் குருக்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டனர். கத்தோலிக்கக் குருவுக்கு இடம் கொடுப்போருக்கும் ஒளித்து வைப்போருக்கும் மரண தண்டனை என்று 1658ஆம் ஆண்டிலேயே ஆணை பிறந்தது. ஆலயங்கள் ஒல்லாந்தர் வசமாயின. மக்கள் இருந்தார்கள், குரு இல்லை. பாவசங்கீர்த்தனம் இல்லை, திருப்பலி இல்லை, சாகும் நேரத்தில் அவஸ்தைப்பூசுதல் இல்லை. அன்று பிறந்த குழந்தை முப்பது வயதை நெருங்கும்வரை ஒரு குருவின் முகத்தைக் கண்டதில்லை என்றால் அந்த நிலையை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

ஆனால் மேலிடத்தார் அவரை உடனே இலங்கைக்கு அனுப்பவில்லை. 1681இல் கன்னட நாட்டு மறைபரப்புப் பணிக்குத் தலைவராக அனுப்பினார்கள். மங்களூர், பசுரூர், கல்யாண்பூர் முதலிய இடங்களில் மூன்று ஆண்டுகள் உழைத்தார். அங்கே அவரை எதிர்கொண்டது புறச்சமயத்தாரின் பகை அன்று, நம்மவரின் பூசல்தான். போர்த்துக்கல் அரசரின் ஞான அதிகாரத்தின் கீழ் கோவாவிலிருந்து வந்தவர்கள் ஒருபுறம். உரோமையிலிருந்து நேரே நியமிக்கப்பட்ட ஆயரைச் சேர்ந்தவர்கள் மறுபுறம். யாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தால் செல்லும், யாரிடம் செய்தால் செல்லாது என்று மக்கள் தடுமாறினார்கள். அனுப்புகிறவர்கள் தங்களுக்குள் பிணங்கிக் கொண்டிருந்தால், அனுப்பப்படுகிறவன் எவ்வளவு நல்லவனாயிருந்தாலும் அவன் வேலை பாதியாகக் குறைந்துவிடும். வாஸ் அடிகளார் இரு தரப்பாரோடும் சமாதானமாக நடந்து, மக்களுக்குத் திருவருட்சாதனங்கள் தடைபடாமல் பார்த்துக்கொண்டு, 1684இல் கோவா திரும்பினார். பின்னாளில் இலங்கையில் அவர் தம் குருக்களை வைத்திருந்த முறையைக் காணும்போது, கன்னட நாட்டுப் பாடத்தை அவர் மறக்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

1685 செப்டம்பரில், கோவாவில் சில இந்தியக் குருக்கள் சேர்ந்து வாழ்ந்துவந்த சிறு குழுவில் அடிகளார் இணைந்தார். அக்குழுவே புனித பிலிப் நேரியாரின் ஒழுங்கைத் தழுவி ஓரத்தோரியன் சபையாயிற்று. சேர்ந்த சிறிது காலத்திலேயே அவரைத் தலைவராகத் தெரிந்துகொண்டார்கள். இலங்கைக்குப் போனபின் துணைக்கு ஆள் வேண்டுமானால் அவர்களை உருவாக்கி அனுப்ப ஒரு வீடு இருக்க வேண்டும் அல்லவா? அந்த வீட்டை முதலில் உறுதிப்படுத்திவிட்டே அவர் புறப்பட்டார். இதைப் பலர் கவனிப்பதில்லை.

1686இல் கோவாவை விட்டுக் கிளம்பி, மலையாளக் கரை வழியாக நம் தூத்துக்குடியை வந்தடைந்தார். தூத்துக்குடியும் அப்போது ஒல்லாந்தர் கையில்தான் இருந்தது. அங்கிருந்து 1687இல், கூலியாள் போல் உடுத்திக்கொண்டு தோணி ஏறினார். உடன் சென்றவர் யோவான் என்னும் பணியாள் ஒருவர் மட்டுமே. குருவின் அங்கி இல்லை, பணம் இல்லை, பரிந்துரைக் கடிதம் இல்லை. கடிதம் இருந்தாலும் அதைக் காட்ட முடியாது. காட்டினால் வாங்குகிறவரின் தலைக்கே ஆபத்து.

கடினமான பயணத்துக்குப் பின் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தவருக்குக் கடும் வயிற்றுக்கடுப்பு கண்டது. தொற்றுநோய் என்று அஞ்சி அவரை ஊருக்குள் வைத்திருக்க யாரும் துணியவில்லை. ஊருக்கு வெளியே ஒதுக்கமாகக் கிடந்தார் என்றும், இரக்கமுள்ள ஒரு பெண் நாள்தோறும் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தார் என்றும் சொல்லப்படுகிறது. அந்தப் பெண்ணின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. தாம் ஊட்டுவது ஒரு குருவை என்று அவருக்குத் தெரியவும் தெரியாது. இலங்கைத் திருச்சபை மீண்டும் தழைத்தது அந்தக் கஞ்சியில்தான் என்று சொன்னால் மிகையாகாது.

நோய் தெளிந்ததும் வேறொரு சிக்கல் எழுந்தது. ஊரில் கத்தோலிக்கர் யார், ஆட்சிக்கு அஞ்சி மாறியவர் யார், காட்டிக்கொடுப்பவர் யார் என்று தெரியவில்லை. வாய் திறந்து கேட்கவும் முடியாது. அடிகளார் ஒரு வழி கண்டார். பெரிய செபமாலை ஒன்றைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை எடுத்தார். பலர் அதைக் கண்டும் காணாதவர்போல் அரிசி போட்டனர். சிலருடைய கண் மட்டும் செபமாலையில் தங்கியது. அப்படித் தங்கிய வீடுகளுக்குத் திரும்பத் திரும்பச் சென்றார். நம்பிக்கை ஏற்பட்ட பின் ஒரு குடும்பத்தாரிடம் மெல்லப் பேச்சுக்கொடுத்து, தாம் குரு என்பதை வெளிப்படுத்தினார். அதன்பின் செய்தி ஒருவர் காதிலிருந்து ஒருவர் காதுக்குப் போயிற்று. இரவில் ஒரு வீட்டில் திருப்பலி, விடியுமுன் வேறு ஊர்.

விசுவாசத்தில் உறுதியாய் நின்ற சில்லாலை என்னும் ஊர் அவருக்கு உறைவிடமாயிற்று. அங்கிருந்தபடியே சுற்றுப்புற ஊர்களுக்கெல்லாம் போய்வந்தார். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் மறைவு காக்கப்பட்டது. பின்னர் ஒரு கிறிஸ்து பிறப்பு இரவில், திருப்பலிக்குக் கூடியிருந்தவர்களை ஒல்லாந்தர் படையினர் வளைத்துப் பிடித்தனர். அடிகளார் தப்பினார். பிடிபட்டவர்களில் சிலர் கசையடியாலும் கொடிய தண்டனையாலும் உயிர் விட்டனர். குருவை ஏற்றுக்கொள்வது என்றால் அந்நாளில் அதுதான் பொருள். இன்று புதுப் பங்குக் குரு வரும்போது மாலையும் மேளமும் வைத்து அழைக்கிறோம். நல்லதுதான், நானும் அந்த மாலைகளை வாங்கிக்கொண்டவன்தான். ஆனால் சில்லாலை மக்கள் கொடுத்த விலை வேறு.

1690இல் கண்டி அரசரின் ஆட்சிக்குட்பட்ட புத்தளத்துக்கு அடிகளார் சென்றார். 1692இல் கண்டிக்கே புறப்பட்டார். வழியிலேயே, அவர் போர்த்துக்கீசிய ஒற்றர் என்று அரசரிடம் கோள் சொல்லப்பட்டது. சொன்னவர் கண்டியில் தங்கிவிட்ட ஒரு பிரெஞ்சுக்காரர், பிரிவினை சபையைச் சேர்ந்தவர். அடிகளார் விலங்கிடப்பட்டுக் காவலில் வைக்கப்பட்டார். காவலில் இருந்த நாட்களை அவர் வீணாக்கவில்லை. சிங்கள மொழியைக் கற்றுக்கொண்டார். யாழ்ப்பாணத்துக்கும் மன்னாருக்கும் வேண்டிய தமிழ் அவரிடம் ஏற்கெனவே இருந்தது. காவல் தளரத் தளரச் சிறு கொட்டகை ஒன்றை எழுப்பித் திருப்பலி நிறைவேற்றினார். கண்டியிலிருந்த கத்தோலிக்கர் அங்கே கூடினர். 1696இல் கொடிய வறட்சி வந்தபோது அவர் செபித்ததும் மழை பொழிந்ததும், மன்னர் இரண்டாம் விமலதர்மசூரியன் அவருக்கு நடமாடும் உரிமை அளித்ததும் பலரும் அறிந்த வரலாறு. அந்த மழையைப் பற்றி எத்தனையோ மறையுரைகள் கேட்டிருப்பீர்கள். ஆகவே நான் அதில் தங்கவில்லை.

நான் தங்க விரும்புவது அதையடுத்து நடந்ததில்தான்.

1687 முதல் ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் இலங்கைத் தீவு முழுவதற்கும் அவர் ஒருவரே குரு. ஒருவர் எத்தனை ஊருக்கு நடக்க முடியும்? அவர் ஒரு காய்ச்சலில் விழுந்தால் அதோடு எல்லாம் முடிந்துவிடும். இது அவருக்கு நன்றாகத் தெரியும். 1696–97 ஆண்டுகளில் கோவாவின் ஓரத்தோரியன் வீட்டிலிருந்து துணைக்குருக்கள் வந்து சேர்ந்தார்கள். அவர்களில் ஜோசப் த மெனேசஸ் அடிகளும், ஜோசப் கர்வாலோ அடிகளும் உண்டு. கர்வாலோ வாஸ் அடிகளாரின் மருமகன் முறை உறவினர். கொச்சி ஆயர் வாஸ் அடிகளாரை இலங்கைக்குத் தமது முதன்மைக் குருவாகவும் நியமித்தார். கன்னட நாட்டில் கண்ட அதிகாரக் குழப்பத்துக்கு இலங்கையில் இடமில்லாமற் போயிற்று.

வந்த குருக்கள் இறங்கிய இலங்கை, வாஸ் அடிகளார் இறங்கிய இலங்கை அன்று. சட்டம் அதேதான், ஒல்லாந்தர் அதே ஒல்லாந்தர். ஆனால் மக்கள் ஆயத்தமாயிருந்தார்கள். ஒவ்வொரு ஊரிலும் அண்ணாவியார் ஒருவர், மூப்பர் ஒருவர் என்று ஓர் ஒழுங்கு அமைந்திருந்தது. குரு இல்லாத நாட்களில் செபம் சொல்லிக் கொடுப்பதும், மறைக்கல்வி கற்பிப்பதும், ஆபத்து வேளையில் ஞானஸ்நானம் கொடுப்பதும், சாகிறவர் அருகில் இருந்து செபிப்பதும் அண்ணாவியார் வேலை. ஆலயத்தின் பொருள்களையும் ஊர்க் காரியங்களையும் மூப்பர் கவனிப்பார். இந்தத் தமிழ்ச் சொற்கள் இரண்டும் சிங்களக் கத்தோலிக்கரிடையேயும் வழங்கலாயின. புதிதாக வந்த குருவுக்கு வழி தெரியாது, மொழி முழுதாய் வராது, யாரை நம்பலாம் என்று தெரியாது. அண்ணாவியாருக்கு எல்லாம் தெரியும். செபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு முகம் பார்த்துத் தேட வேண்டிய வேலை வாஸ் அடிகளாரோடு முடிந்துபோயிற்று.

கர்வாலோ அடிகள் பணியில் அமர்ந்த விதத்தைப் பாருங்கள். உறவினர் என்பதற்காக அவருக்கு எளிய இடம் கிடைக்கவில்லை. அடிகளார் அவரைக் கண்டியில் தம்மோடு வைத்துக்கொண்டார். 1697இல் அங்கே பெரியம்மை பரவியது. அம்மை கண்டவர்களை உறவினரே வீட்டிலிருந்து அகற்றிக் காட்டில் விட்டுவிட்டு ஓடினர். மன்னரும் பெருமக்களும் நகரைவிட்டு அகன்றனர். மாமனும் மருமகனுமாகிய குருக்கள் இருவரும் நோயாளிகளுக்குக் குடிசை அமைத்துக் கொடுத்தார்கள்; கஞ்சி காய்ச்சி ஊற்றினார்கள்; புண்களைக் கழுவினார்கள்; இறந்தவர்களைக் குழி தோண்டி அடக்கினார்கள். கத்தோலிக்கர், புத்த சமயத்தார் என்ற பாகுபாடு இல்லை. யாழ்ப்பாணத்தில் நோயாய்க் கிடந்து, பெயர் தெரியாத ஒரு பெண்ணின் கையால் கஞ்சி வாங்கிக் குடித்தவர், பத்து ஆண்டு கழித்துத் தம் கையால் கஞ்சி ஊற்றினார். புதுக் குருவுக்கு அதைவிடப் பெரிய பயிற்சிக்கூடம் வேறு ஏது? குருமடத்தில் நாங்கள் மேய்ப்புப்பணி இயல் என்று ஒரு பாடம் படித்தோம். நோட்டுப் புத்தகம் நிறைய எழுதினோம். கர்வாலோ அடிகளுக்கு அது முழுவதும் ஓர் அம்மைக் குடிசையில் நடந்தது.

பின்னர் கண்டியில் எழுந்த எதிர்ப்பினால் கர்வாலோ அடிகள் அங்கிருந்து வெளியேற்றப்பட்டார். இளங்குரு ஒருவர் ஓரிடத்தில் எதிர்ப்புக்கு ஆளானால் பெரும்பாலும் என்ன செய்வார்கள்? வேறிடம் மாற்றிவிடுவார்கள், அவரும் தோல்வி அடைந்தவராகவே அந்தப் புது இடத்துக்குப் போவார். வாஸ் அடிகளார் அப்படிச் செய்யவில்லை. தீவின் பல பகுதிகளையும் சுற்றிவந்தபின், 1699இல் கர்வாலோவைத் தம் பக்கத்திலேயே அழைத்துக்கொண்டு கண்டிக்குத் திரும்பி நடந்தார். கட்டத் தொடங்கிய ஆலயத்தையும் கட்டி முடித்தார். மன்னர் அவர்மேல் வைத்திருந்த மதிப்பு மருமகனுக்கும் குடையாயிற்று.

1705இல் மேலும் சில குருக்கள் வந்தனர். இப்போது தீவை எட்டு மறைப்பணிப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு குருவின் பொறுப்பில் விட முடிந்தது. பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு தோணியிலிருந்து இறங்கிய ஒரே மனிதரின் கால்கள் நடந்த நிலம் அது. எந்த ஊருக்கு எந்த வழியாகப் போகலாம், எந்த ஊரில் எந்த மொழி வழங்குகிறது, எங்கே ஒல்லாந்தர் காவல் கடுமை என்பதெல்லாம் அவர் தாமே நடந்து அறிந்தது. அந்த அறிவோடு ஆளை இடத்துக்கு அனுப்பினார். எட்டு இடத்துக்கு எட்டுப் பேர் என்று சீட்டுப் போட்டு அனுப்பியதாக எண்ணிவிடாதீர்கள்.

இதற்குச் சான்றாக நிற்பவர் அவ்வாண்டு வந்த ஜாக்கோமே கொன்சால்வேஸ் அடிகள். கோவாவில் திவார் என்னும் தீவில் 1676இல் பிறந்தவர், நல்ல கல்விமான். அவரிடம் எழுத்தாற்றல் இருப்பதை வாஸ் அடிகளார் கண்டுகொண்டார். ஆள் பற்றாக்குறை உள்ள இடத்தில் வந்தவர் எவரையும் உடனே ஊர் ஊராய் ஓடவிடுவதுதான் வழக்கம். தேவையும் அப்படித்தான் நெருக்கும். அடிகளாரோ கொன்சால்வேஸைச் சிங்களத்தை ஆழமாகக் கற்கும்படி பணித்தார். அவரும் புத்த துறவிகளிடமே அமர்ந்து அம்மொழியின் இலக்கிய நடையைக் கற்றார், தமிழிலும் தேர்ந்தார். குரு நேரில் வர முடியாத ஊரில் அண்ணாவியார் கையில் ஒரு நூல் இருந்தால் அதுவே பாதிக் குரு. இந்தக் கணக்கு அடிகளாருக்குப் புரிந்திருந்தது. கொன்சால்வேஸ் அடிகள் இரு மொழிகளிலும் பல நூல்களை எழுதினார். தமிழில் அவர் எழுதிய வியாகுலப் பிரசங்கத்தை யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர் தலைமுறை தலைமுறையாகத் தபசுகாலத்தில் பாடி வாசித்து வந்திருக்கின்றனர். நம் கரையோரத்து முதியோர் சிலருக்கும் அந்தப் பெயர் தெரிந்திருக்கும். ஒரு மனிதரை அவருக்குரிய வேலையில் அமர்த்தியதன் பயன் இது.

இடையில் வாஸ் அடிகளாரை ஆயராக்கும் எண்ணமும் மேலிடத்தில் எழுந்தது. அவர் ஏற்கவில்லை. தாழ்ச்சியால் மறுத்தார் என்று வரலாறுகள் கூறுகின்றன, அது உண்மைதான். ஆயினும் கூலியாள் உடையில் இரவு நேரத்தில் ஊர் ஊராய் நடக்க வேண்டிய ஒருவருக்கு ஆயரின் செங்கோலும் முடியும் சுமையாகத்தான் இருந்திருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

1707இல் விமலதர்மசூரியன் இறந்தார். அடுத்து அரியணை ஏறிய வீரநரேந்திரசிங்கனும் குருக்களிடம் நல்லெண்ணம் கொண்டவராகவே இருந்தார். 1708இல் மேலும் குருக்கள் கோவாவிலிருந்து வந்தார்கள். அவர்கள் எல்லாரும் இந்தியர்கள் என்பதை நாம் மறக்கலாகாது. ஐரோப்பிய அரசு எதுவும் துணை நிற்காமல், கப்பலோ கோட்டையோ காவலோ இல்லாமல், கீழைநாட்டுக் குருக்களே நடத்திய மறைபரப்புப் பணி அது. அக்காலத்தில் நம்மவர்களால் இது ஆகுமா என்று ஐயுற்றவர்கள் இருந்தார்கள். எட்டுப் பகுதிகளிலும் எரிந்த பலிபீட விளக்குகள் அதற்குப் பதில்.

1710இல் உடல் தளர்ந்த நிலையிலும் அடிகளார் மீண்டும் ஒரு நீண்ட மேய்ப்புப் பயணம் சென்றார். திரும்பியபோது நோயில் விழுந்தார். காய்ச்சலும் கட்டிகளும் மாறி மாறி வந்து வலுவைக் குறைத்தன. சபை ஒழுங்கின்படி ஆண்டுதோறும் செய்ய வேண்டிய எட்டு நாள் தியானத்தை அந்த நிலையிலும் தொடங்கினார். அது முடியவில்லை. 1711ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் நள்ளிரவில், கண்டியில், 59ஆம் வயதில் உயிர் துறந்தார். கண்டி ஆலயத்திலேயே அடக்கம் செய்தார்கள்.

ஒருவரையே நம்பி நடந்த பணியானால் அந்த இரவோடு அது அணைந்திருக்கும். அப்படி ஆகவில்லை. அவர் அமர்த்திய குருக்கள் தத்தம் இடங்களில் இருந்தார்கள். அண்ணாவிமாரும் மூப்பர்களும் இருந்தார்கள். கோவாவிலிருந்து புதியவர்கள் வந்துகொண்டேயிருந்தார்கள். கொன்சால்வேஸ் அடிகள் 1742இல் போலவத்தையில் இறக்கும்வரை எழுதிக்கொண்டும் மேய்த்துக்கொண்டும் இருந்தார். அதன்பின் சில ஆண்டுகளிலேயே கண்டி அரசரின் மனம் மாறிக் குருக்கள் அந்நகரைவிட்டு வெளியேற்றப்பட்டனர், ஆலயம் அழிந்தது. வாஸ் அடிகளாரின் கல்லறை இருந்த இடம் இன்றுவரை சரியாகக் கண்டறியப்படவில்லை. ஆயினும் ஓரத்தோரியன் குருக்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதிவரை, அச்சபை போர்த்துக்கீசிய ஆட்சியால் கலைக்கப்படும்வரை, இலங்கைக்கு வந்துகொண்டிருந்தார்கள்.

1995ஆம் ஆண்டு ஜனவரி 21ஆம் நாள் கொழும்பு காலிமுகத் திடலில் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அவருக்கு முத்திப்பேறு பட்டமளித்தார். அதே திடலில் 2015ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார். சில்லாலையில் குருவை ஒளித்து வைத்தவர்களின் வழித்தோன்றல்களும் அத்திருநாட்டின் கத்தோலிக்க மக்களுள் உண்டு. ஜனவரி 16 அவருடைய திருநாள்.